மாலை விருந்துக்கு 'செமி ஃபார்மல்' உடை: நெல்லைப் பக்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

அலுவலக ஆண்டு விருந்து, ரோட்டரி சங்கப் பதவியேற்பு, கல்லூரிப் பழைய மாணவர் சந்திப்பு, பாளையங்கோட்டையில் ஒரு திருமண வரவேற்பு என ஏதோ ஒன்றுக்கு உங்களுக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது. அதன் அடியில் 'உடை: செமி ஃபார்மல், மாலை' என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அந்த வரிக்கு என்ன பொருள் என்று வீட்டில் கேட்டபோது ஆளுக்கொரு விடை சொன்னார்கள்; ஜவுளிக்கடையில் கேட்டபோது, அன்று அவர்களிடம் எது அதிகமாகத் தங்கிக் கிடந்ததோ அதுவே செமி ஃபார்மல் என்றார்கள். பலரிடம் கேட்டும், கடை கடையாக அலைந்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஆலங்குளத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ முதன்முறையாக இப்படியொரு விருந்துக்குச் செல்பவருக்கும், கூடங்குளம், மகேந்திரகிரி போன்ற இடங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

1. அழைப்பிதழைக் கடைசி வரி வரை படியுங்கள்

உடை பற்றிய வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். தொடங்கும் நேரம், நடக்கும் இடம், அழைப்பவர் யார் என்ற மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரி முழுமையாகப் புரியும். மாலை 6 மணிக்குப் பிறகு தொடங்கும் நிகழ்ச்சி என்றால் அடர்ந்த நிறங்கள். பகலில் நடப்பது என்றால் வெளிர் சாம்பல், பழுப்பு, இளநீலம் ஆகியவையும் பொருந்தும். 'மாலை' என்று தனியாகக் குறிப்பிட்டிருப்பதன் நோக்கமே இதுதான்.

இந்த உடை எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மேல்படியில் இருப்பது 'பிளாக் டை'. அதற்கு டின்னர் ஜாக்கெட்டும் (கழுத்துப்பட்டையில் பட்டுத்துணி வைத்த மாலைநேரக் கோட்டு) கறுப்பு நிற வில்-டையும் வேண்டும். கீழ்ப்படியில் இருப்பது 'ஸ்மார்ட் கேஷுவல்'. அதற்கு நல்ல பேண்ட்டும் காலர் வைத்த சட்டையும் போதும், விரும்பினால் ஒரு பிளேசர் சேர்த்துக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் நடுவில், ஆனால் மேல்படிக்குச் சற்று நெருக்கமாக நிற்பதுதான் செமி ஃபார்மல். ஆண்களுக்கு அடர்நிறத்தில் கோட்டும் பேண்ட்டும் ஒரே துணியில் தைத்த சூட், பெண்களுக்கு அதற்கு இணையான பட்டுச் சேலையோ முழங்காலளவு அல்லது அதற்கும் நீண்ட விருந்து கவுனோ என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. பிரிட்டிஷ் வழக்கத்தைப் பின்பற்றும் அழைப்பிதழ்களில் இதையே 'லவுஞ்ச் சூட்' என்று போடுவார்கள். 'காக்டெயில் அட்டயர்' என்று இருந்தாலும் ஏறக்குறைய இதே உடைதான். வெளிநாட்டுப் பழைய மரபில் மாலைநேரச் செமி ஃபார்மல் என்பது டின்னர் ஜாக்கெட்டையே குறித்தது. ஆகவே அழைப்பு வெளிநாட்டவரிடமிருந்து வந்திருந்தால் ஒரு முறை கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

இங்கே அதிகம் பேர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 'செமி' என்று இருப்பதால் பாதி உடை சாதாரணமாக இருந்தால் போதும் என்று எண்ணி, ஜீன்ஸின் மேல் பிளேசர் போட்டுக்கொண்டு செல்கிறார்கள். ஜீன்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தப் படியில் அதற்கு இடமில்லை.

2. அழைத்தவரிடம் கேட்டுவிடுங்கள்

கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்காமல் சென்று விழா முழுவதும் ஓர் ஓரமாக நிற்பதைவிட இது எளிது. வருகையை உறுதிசெய்யக் கொடுத்திருக்கும் எண்ணுக்கு, 'வணக்கம் சார், அழைப்பு கிடைத்தது, கட்டாயம் வருகிறேன். உடைக்கு டை அவசியமா, வேட்டி சட்டையில் வரலாமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பினால் போதுமானது. நிகழ்ச்சி குளிரூட்டிய அரங்கிலா, புல்தரையிலா என்பதையும் இத்துடனே கேட்டுவிடுங்கள். புல்தரை என்றால் பெண்கள் கூர்மையான குதிகால் செருப்பைத் தவிர்க்கலாம். அங்கே வியர்க்கும் என்பதால் ஆண்கள் கோட்டின் உள்துணியை (லைனிங்) பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. வாசலில் யாராவது ஆட்சேபித்தால் அந்தச் செய்தியைக் காட்டிவிடலாம்.

3. ஆண்களுக்கு: எதை அணிவது

நிறம் கடல்நீலம் அல்லது அடர்சாம்பல். முதல் சூட்டுக்குக் கடல்நீலத்தையே நான் பரிந்துரைப்பேன். அதே கோட்டை நேர்முகத் தேர்வுக்கும், உறவினர் திருமண வரவேற்புக்கும் அணியலாம், கறுப்பைப் போல மாப்பிள்ளைத் தோற்றமும் வராது. கறுப்பு தவறில்லை, ஆனால் மஞ்சள் விளக்கில் அதன் மேல் ஒட்டும் ஒவ்வொரு தூசியும் தெரியும். மினுமினுக்கும் துணி, கழுத்துப்பட்டையில் கல் பதித்த வேலைப்பாடு, மெரூன் வெல்வெட் ஆகியவை மணமேடைக்கு உரியவை. விருந்தினருக்கு உரியவை அல்ல.

சட்டை முழுக்கையாக, வெள்ளையாக இருக்கட்டும். கோட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று அரைக்கைச் சட்டை அணிந்தால், கையை நீட்டும்போதெல்லாம் தெரிந்துவிடும். கோட்டின் கைமுனைக்கு வெளியே சட்டையின் கைமுனை அரை அங்குலம் தெரிவதுதான் முறை. டை வேண்டாம் என்று அழைத்தவரே சொல்லாதவரை டை கட்டிச் செல்லுங்கள். அங்கே போய்க் கழற்றிப் பைக்குள் வைக்கலாம், இல்லாததை அங்கே வாங்க முடியாது. டையின் நுனி பெல்ட்டின் பக்கிளைத் தொட வேண்டும், அதற்குக் கீழே தொங்கக் கூடாது. ஜிப் வைத்த ரெடிமேட் டை அவசரத்துக்கு உதவும். ஆனால் முடிச்சு எப்போதும் ஒரே அச்சாக நிற்பதால் அருகில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். டை கட்டுவதை வீட்டுக் கண்ணாடி முன் ஒரு வாரம் பழகினால் கை தானாகவே கட்டும்.

ஷூ கறுப்புத் தோலில், கயிறு கட்டுவதாக இருக்கட்டும். பெல்ட்டும் அதே நிறம். காலுறை நீளமாக, பேண்ட்டின் நிறத்திலோ கறுப்பிலோ இருக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து காலை மடிக்கும்போது வெள்ளைக் காலுறையோ வெறுங்காலோ தெரிவது, செய்த செலவு அனைத்தையும் வீணாக்கிவிடும். சட்டைப் பையில் பேனா, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை, பேண்ட் பையில் புடைத்துக்கொண்டிருக்கும் பர்ஸ் ஆகிய மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். விபூதி, குங்குமம், சந்தனம் ஆகியவை எந்த உடைக் கட்டுப்பாட்டுக்கும் மாறானவை அல்ல. அவற்றை அழித்துவிட்டுச் செல்ல வேண்டியதில்லை.

4. வேட்டியில் செல்ல விரும்பினால்

தாராளமாகச் செல்லலாம், சட்டமே துணை நிற்கிறது. வேட்டி அல்லது வேறு இந்திய மரபுடை அணிந்து வந்தார் என்பதற்காக ஒருவரை மன்றங்கள், சங்கங்கள், நிறுவனங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ள பொது இடங்களில் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்த இடத்தின் உரிமமும் ரத்தாகலாம். இது தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். பெங்களூரிலோ மும்பையிலோ உள்ள ஒரு மன்றத்தில் இதைச் சொல்லி வாதிட முடியாது.

சட்டம் வாசலைத் திறந்துவிடும். ஆனால் சூட் அணிந்தவர்களுக்கு நடுவே வேட்டி இணையாக நிற்க வேண்டுமென்றால் அது விருந்துக்கு உரிய வேட்டியாக இருக்க வேண்டும். எட்டு முழ இரட்டை வேட்டி, பட்டாக இருந்தால் அளவான சரிகைக் கரை, கஞ்சி போட்டுத் தேய்த்த முழுக்கை வெள்ளைச் சட்டை, நல்ல தோல் செருப்பு. அங்கவஸ்திரம் உங்கள் விருப்பம். கட்சிக் கரை வேட்டி வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் வேட்டியாக இருந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். பந்தி முறையாக இல்லாமல் தட்டை ஏந்தி நின்று உண்ணும் விருந்தில் ஒரு கைதான் ஓய்வாக இருக்கும், வேட்டியைச் சரிசெய்ய அது போதாது. மடித்துக் கட்டும் பழக்கம் உள்ளவர்கள் அன்று ஒரு மாலை மட்டும் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சூட்டும் வேண்டாம், வேட்டியும் தயக்கமாக இருக்கிறது என்பவருக்கு நடுவழி ஒன்று உண்டு: கழுத்து மூடிய பந்த்கலா கோட்டு. டை வேண்டியதில்லை, சட்டையின் விலையைப் பற்றிய கவலையும் இல்லை, வட மாநிலங்களிலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நெல்லை வெயிலில் கழுத்து வரை மூடிக்கொள்வது மட்டும் சற்றுச் சோதனைதான்.

5. பெண்களுக்கு: குறைவாக அணிந்துவிடுவோமோ என்பதைவிட அதிகமாகிவிடக் கூடாது என்பதே கவலை

நம் பக்கத்தில் நல்ல நிகழ்ச்சி என்றாலே அகலச் சரிகைக் காஞ்சிப் பட்டும், ஆரமும், ஒட்டியாணமும் என்று போய்விடும் வழக்கம் இருக்கிறது. அது முகூர்த்தத்துக்கு உரிய உடை. செமி ஃபார்மலுக்கு ஒரு படி மேலே நிற்கும். சிறுகரை வைத்த பட்டு, சாஃப்ட் சில்க், கிரேப், நல்ல ஜார்ஜெட் ஆகியவற்றில் ஒன்று, அடர்பச்சை, கருநீலம், அரக்கு, கத்தரிப்பூ நிறம் போன்ற நிறங்களில் ஒன்று, காதுக்கும் கழுத்துக்கும் ஒவ்வொரு நகை என்று இருந்தால் அளவாக அமையும்.

உள்ளூரிலேயே தேடுபவர்கள் வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலையைப் பாருங்கள். அவ்வூர் சௌராஷ்டிர நெசவாளர்கள் கைத்தறியில் நெய்யும் இச்சேலைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. உடலெங்கும் செடியும் பூவுமாகப் புட்டா ஓடுவதால் விருந்துக்கு வேண்டிய அலங்காரம் சேலையிலேயே இருக்கிறது. கனமும் குறைவு, மூன்று மணி நேரம் நின்றாலும் தோள் வலிக்காது. சரிகைப் பட்டில் செலவிடும் தொகையில் சிறு பகுதிதான் ஆகும். விருந்துக்கென்று புதிதாக எடுக்கும் எண்ணம் இருந்தால் என் வாக்கு இதற்குத்தான்.

சேலை எடுத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பதற்கு இரண்டு மூன்று நாள், முந்தியில் குஞ்சம் கட்டுவதற்குச் சில நாள், ஜாக்கெட் தைப்பதற்கு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். பண்டிகைக் காலத்தில் ஜாக்கெட்தான் எல்லாவற்றையும் தாமதமாக்கும். தைக்கக் கொடுக்கும்போது, சரியாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்காகக் கொடுப்பதே பாதுகாப்பு. ஆரி வேலை வேண்டுமென்றால் கால அளவை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

சுடிதார் அணிபவர்கள் அனார்கலி போன்ற நீண்ட வகையைத் தேர்ந்தெடுக்கலாம். லெக்கிங்ஸும் குட்டைக் குர்த்தியும் ஸ்மார்ட் கேஷுவலுக்கு உரியவை. மல்லிகையோ பிச்சியோ தலையில் வைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. கைப்பை சிறியதாக இருக்கட்டும். ஜவுளிக்கடைக் கட்டைப்பையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

6. தைப்பதா, ஆயத்த ஆடையா, வாடகையா

இங்கே நான் தரும் தொகைகள் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுன் பகுதிகளில் விசாரித்தபோது அறிந்த ஏறக்குறைய அளவுகள்; கடைக்குக் கடை முன்பின் இருக்கும்.

தைப்பதென்றால், 58 அங்குல அகலத் துணியில் சராசரி உடல்வாகுக்கு மூன்று முதல் மூன்றேகால் மீட்டர் வேண்டும். மீட்டர் 600 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரையுள்ள டெரி வுல் அல்லது பாலி விஸ்கோஸ் துணி போதும். துணிக்கு மட்டும் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை ஆகும். கூலி 4,000 முதல் 7,000 ரூபாய். லைனிங், கேன்வாஸ் (கோட்டின் மார்புப் பகுதி விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் துணி), பட்டன் ஆகியவை கூலியில் அடக்கமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடைசியில் 'அது தனி' என்று சொல்லும் இடங்கள் உண்டு. முழு லைனிங்குக்குப் பதிலாக முதுகில் பாதி மட்டும் லைனிங் வைக்கச் சொன்னால், ஏப்ரல் மே மாதங்களில் அந்த டெய்லரை வாழ்த்துவீர்கள்.

ஆயத்த சூட் 6,000 ரூபாயிலிருந்து தொடங்கும். நெல்லையிலேயே பிறந்து வளர்ந்த ஆரெம்கேவி முதல் போத்தீஸ் வரை பெரிய ஜவுளிக்கடைகளில் எடுத்து, கை நீளத்தையும் இடுப்பையும் மட்டும் வெளியே ஆல்டர் செய்துகொள்ளலாம். அவசரத்துக்கு இதுதான் வழி. வரி விஷயத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த ஆடை ஒன்றின் விலை 2,500 ரூபாய்க்கு மேல் இருந்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்குள் இருந்தால் 5 சதவீதம். மீட்டர் துணிக்கு 5 சதவீதம்தான். உறையில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் வரி ஏற்கெனவே அடங்கியிருக்கும். அதற்கு மேல் வரி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வாடகை ஒரு நாளுக்கு 1,000 முதல் 3,000 ரூபாய். முன்வைப்புத் தொகை தனி. வாழ்நாளில் ஒரு முறைதான் அணியப்போகிறேன் என்பவருக்கு இது சரி. ஆனால் வாடகைக் கடைகள் பெரும்பாலும் மாப்பிள்ளைகளை நம்பி நடப்பவை என்பதால் பளபளப்பு இல்லாத சாதாரணக் கடல்நீலக் கோட்டு உங்கள் அளவில் கிடைக்கச் சற்றுத் தேட வேண்டியிருக்கும்.

சட்டை, டை, ஷூ, பெல்ட் என்று சேர்த்தால் இன்னும் 4,000 முதல் 6,000 ரூபாய் ஆகும். ஆகவே முதல் முறை எல்லாவற்றையும் புதிதாக எடுப்பவர் 10,000 முதல் 18,000 ரூபாய் வரை ஒதுக்கிவைப்பது நல்லது. கோட்டுத் துணியில் கஞ்சத்தனம் செய்தாலும் பாதகமில்லை, கூலியிலும் ஷூவிலும் செய்ய வேண்டாம். நல்ல தையல் சுமாரான துணியைத் தூக்கி நிறுத்தும். மோசமான தையலில் விலை உயர்ந்த துணியும் சாக்காகத் தொங்கும்.

7. நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

விழா நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வாரம் எண்ணி அந்த வாரத்தில் துணியைக் கொடுத்துவிட வேண்டும். நான்காவது வாரத்தில் முதல் ட்ரையல், இரண்டாவது வாரத்தில் இறுதி ட்ரையல், ஒரு வாரம் முன்பு கோட்டு கைக்கு வந்துவிட வேண்டும். டெய்லரிடம் விழா நாளைச் சொல்லாதீர்கள்; பத்து நாள் முந்தியதாகச் சொல்லுங்கள். 'ஒரு பட்டன்தான் பாக்கி, நாளைக்கு வாங்க, முடிச்சிருதேன்' என்ற வாக்கியத்தைக் கேட்காமல் இந்த ஊரில் யாரும் கோட்டு வாங்கியதில்லை. என் உறவினர் ஒருவருக்கு வரவேற்பு தொடங்கிய பிறகுதான் கோட்டு வந்து சேர்ந்தது. காஜா பாதியில் நின்றிருந்தது.

எந்த மாதத்தில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பாகவே பல தையற்கடைகள் 'ஆர்டர் இல்லை' என்று அட்டை தொங்கவிடும். பாளையங்கோட்டையில் அதற்குப் பிறகும் கூட்டம் ஓயாது. கிறிஸ்துமஸ் வரை நீளும், அதைத் தொடர்ந்து கிறிஸ்தவத் திருமணங்களும் வரும். மார்கழியில் முகூர்த்தம் இல்லையே, டெய்லர் சும்மாதானே இருப்பார் என்று கணக்குப் போட்டு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் துணியோடு செல்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். சாவகாசமாகத் தைத்துத் தரும் காலங்கள் இரண்டு: ஆடி மாதமும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களும். ஆடியில் தள்ளுபடியில் துணியும் கிடைக்கும்.

8. ரசீதும் பிற தாள்களும்

டெய்லரிடம் வாங்கும் ரசீதில் நான்கு செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும்: கொடுத்த துணியின் மீட்டர், முழுக் கூலி, கொடுத்த முன்பணம், தரும் தேதி. ரசீதின் மூலையில் துணியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிப் பின் செய்து தரச் சொல்லுங்கள். நிறம் ஒத்த வேறு துணி மாறிவிடாமல் இருக்கவும், பிறகு டை எடுக்கும்போது பொருத்திப் பார்க்கவும் அது உதவும். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

ஆயத்த ஆடை எடுத்தால் பில்லையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். ஆல்டர் செய்தபின் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள், ஆகவே வீட்டில் ஒரு முறை முழுமையாக அணிந்து பார்த்துவிட்டுப் பிறகு வெட்டக் கொடுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களிடம் அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதாரின் அசலைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். ஆதார் இணையதளத்தில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைத் தரவிறக்க முடியும். அதன் நகலில் 'கோட்டு வாடகைக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். கோட்டை வாங்குவதற்கு முன் கடை வெளிச்சத்திலேயே விரித்துப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கறையையும் கிழிசலையும் கைப்பேசியில் படமெடுத்து, ரசீதிலும் குறிக்கச் செய்யுங்கள். திரும்பக் கொடுக்க வேண்டிய நேரம், தாமதத்துக்கு எவ்வளவு, சலவைச் செலவு யாருடையது என்பவையும் அதே தாளில் இருக்க வேண்டும்.

9. ட்ரையலில் எதைப் பார்ப்பது

விருந்துக்கு அணியவிருக்கும் அதே சட்டையோடும் ஷூவோடும் செல்லுங்கள். செருப்புக் காலோடு பேண்ட் நீளம் குறித்தால் அது சரியாக இருக்காது. முதலில் தோள்: தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பையும் கையையும் பிறகு சரிசெய்யலாம். தோளைச் சரிசெய்வது ஏறக்குறையப் புதிதாகத் தைப்பதற்குச் சமம் என்பதால், இதில் குறை இருந்தால் முதல் ட்ரையலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்துக் கழுத்து: கோட்டின் காலர் சட்டைக் காலரை ஒட்டி இருக்க வேண்டும், பின்புறம் இடைவெளி தெரியக் கூடாது. பட்டனைப் போட்டால் வயிற்றருகே 'எக்ஸ்' போலச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம். கோட்டு பின்புறத்தை மூடும் நீளம் இருக்க வேண்டும். பேண்ட்டின் அடி ஷூவின் மேல் ஒரு முறை லேசாக மடிந்து நின்றால் போதும். நம் ஊர் டெய்லர்கள் 'வளருவீங்க' என்பதுபோல இரண்டு அங்குலம் கூடுதலாக விடுவார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இருகைகளையும் முன்னே நீட்டி, ஒரு நாற்காலியில் அமர்ந்து, பிறகு எழுந்து பாருங்கள். கண்ணாடி முன் விறைப்பாக நிற்கும்போது எல்லாக் கோட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

கோட்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பின்பக்கப் பிளவில் குறுக்காகப் போட்டிருக்கும் நூல், வெளிப்பைகளை மூடியிருக்கும் தற்காலிகத் தையல், கைமுனையில் ஒட்டியிருக்கும் கம்பெனி லேபிள் ஆகியவற்றைப் பிரித்துவிட வேண்டும். லேபிளோடு விருந்துக்கு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது விலையைக் காட்டுவதற்காக வைத்தது அன்று.

10. சென்னையில் விருந்து என்றால்

காலை 6 மணியளவில் திருநெல்வேலியில் புறப்பட்டுப் பிற்பகல் 2 மணியளவில் எழும்பூர் சேரும் வந்தே பாரத்தில் சென்றால் அன்றைய மாலை விருந்துக்கே போய்விடலாம்; வாரத்தில் ஒரு நாள் அது ஓடாது என்பதால் உங்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு வண்டியான நெல்லை எக்ஸ்பிரஸில் செல்பவர்கள் கோட்டை அணிந்துகொண்டோ தலையணைக்கு அடியில் வைத்தோ செல்ல வேண்டாம். ஜிப் வைத்த கோட்டு உறையில் ஹேங்கரோடு போட்டுக் கொக்கியில் மாட்டுங்கள். உறை இல்லையென்றால், ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி மற்றத் தோளை அதற்குள் நுழைத்து, லைனிங் வெளியே இருக்கும்படி நீளவாக்கில் மடித்துப் பெட்டியின் மேற்புறத்தில் வைக்கலாம். தங்குமிடத்தில் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் கால் மணி நேரம் தொங்கவிட்டால் சுருக்கம் பெருமளவு தளர்ந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்தால் டெரி வுல் பளபளவென்று மினுங்கத் தொடங்கிவிடும். மேலே ஈரத்துணி போட்டே தேய்க்க வேண்டும்.

11. விருந்தில்

அழைப்பிதழ் நேரத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சென்றுவிடுங்கள். அரங்கின் வாசல் வரை கோட்டைக் கையில் மடித்து எடுத்துச் சென்று, உள்ளே நுழையும் முன் அணிந்தால் வியர்வையில்லாமல் சேரலாம். இரண்டு பட்டன் கோட்டில் மேல் பட்டனை மட்டும் போட வேண்டும், மூன்று பட்டனில் நடுவில் உள்ளதை. கடைசிப் பட்டனை எப்போதும் போடுவதில்லை. அமரும்போது கழற்றிவிட்டு எழும்போது மீண்டும் போடுங்கள். விருந்தளிப்பவர் கோட்டைக் கழற்றும் வரை நீங்களும் கழற்றாமல் இருப்பது மரியாதை.

12. மறுநாள்

கோட்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. உள்ளே பசையால் ஒட்டிய கேன்வாஸ் விலகி, மார்புப் பகுதியில் குமிழ் குமிழாக எழும்பிவிடும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. குழம்புக் கறை இருந்தால் என்ன கொட்டியது என்று சொல்லி டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள், செலவு 300 முதல் 500 ரூபாய் ஆகும். கறை இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியதில்லை. மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் தொங்கவிட்டுத் தூசி தட்டி, அகலமான ஹேங்கரில் பருத்தித் துணி உறை போட்டு வைத்தால் போதும். கடையில் தரும் பிளாஸ்டிக் உறையோடு பீரோவுக்குள் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசணம் பிடிக்கும்.

வாடகைக் கோட்டைக் குறித்த நேரத்துக்கு முன்பே நேரில் கொண்டுபோய், கடைக்காரர் விரித்துப் பார்க்கும்வரை அங்கேயே நின்று, முன்வைப்புத் தொகையையும் ஆதார் நகலையும் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். தைத்தவர்கள் டெய்லரின் ரசீதை எறிந்துவிட வேண்டாம்: அளவுப் புத்தகத்தில் உங்கள் பக்க எண் பெரும்பாலும் அதில்தான் குறித்திருக்கும், அடுத்த பேண்ட் தைக்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் அளவெடுக்கும் வேலை மிச்சம்.